இட்லி இல்லாத காலை உணவு

தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலையில் போடும் சாப்பாட்டின் பட்டியலைக் கையில் எடுத்தால் முதலில் கண்ணில் படுவது, அதில் இல்லாத ஒன்றுதான். ரவா உப்புமா இருக்கிறது, சேமியா உப்புமா இருக்கிறது. கோதுமை ரவை கிச்சடி, சோள ரவை கிச்சடி, வெண்பொங்கல், ரவா பொங்கல் எல்லாம் இருக்கின்றன. தொட்டுக்கொள்ளக் காய்கறி சாம்பார். இட்லி மட்டும் இல்லை. தோசையும் கிடையாது. தெருவுக்கு ஓர் இட்லிக் கடை இருக்கிற நாட்டில், லட்சக்கணக்கான பிள்ளைகளின் காலைச் சாப்பாட்டிலிருந்து இட்லியை எப்படி விட்டார்கள்?

மறந்துபோய் விட்டிருக்க முடியாது. கணக்குப் போட்டுப் பார்த்தால் காரணம் விளங்கிவிடும். அறுபது பிள்ளைகள் படிக்கிற ஒரு சாதாரணப் பள்ளியை எடுத்துக்கொள்வோம். ஆளுக்கு மூன்று என்றாலும் நூற்றியெண்பது இட்லி. வீட்டு இட்லிப் பானையில் ஓர் ஈட்டுக்குப் பதினாறு வேகும் என்று வைத்தால் பன்னிரண்டு ஈடு வைக்க வேண்டும். ஈட்டுக்குப் பத்து நிமிடம் என்றாலே இரண்டு மணி நேரம் ஓடிவிடும். முதல் ஈடு ஆறிப்போய் விறைத்திருக்கும்போது கடைசி ஈடு அடுப்பில் இருக்கும். பெரிய பாத்திரம் வாங்கி இதைச் சமாளித்தாலும் மாவுக்கு என்ன வழி? முந்தின நாளே ஊறப்போட வேண்டும், அரைக்க வேண்டும், இரவு முழுவதும் எங்காவது பத்திரமாகப் புளிக்கவிட வேண்டும். மார்கழிக் குளிரில் பொங்காது, சித்திரையில் புளித்துத் தள்ளும். ரவைக்கு இந்த வம்பெல்லாம் இல்லை. ஒரு பெரிய பாத்திரம், ஒரு அடுப்பு, அரை மணி நேரம் போதும்.

பட்டியலில் இருக்கிற எல்லாப் பலகாரமும் ஒரே பாத்திரத்தில் ஆகிவிடுகிறவை. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தைப் புரிந்துகொள்ள இதுவே நல்ல தொடக்கம். பணம், அரசியல், ஊட்டச்சத்து எல்லாவற்றையும்விட இந்தத் திட்டத்தை ஆட்டிவைப்பது கடிகாரம். மதிய உணவு சமைப்பவர்களுக்கு ஒரு முழு முற்பகல் கிடைக்கிறது. பிள்ளைகள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள், வருகைப் பதிவேட்டைப் பார்த்துவிட்டு அரிசி அளந்து போடலாம். காலை உணவுக்கு அந்தச் சலுகை இல்லை. பள்ளிக் கதவு திறக்கும் முன்பே அடுப்பு எரிய வேண்டும். யார் வருவார்கள், யார் வரமாட்டார்கள் என்று தெரிவதற்கு முன்பே ரவையை வறுத்தாக வேண்டும். மணி அடிப்பதற்குள் கடைசிப் பிள்ளை கை கழுவிவிட வேண்டும்.

இப்படியொரு சாப்பாடு யாருக்குத் தேவை என்று கேட்பவர்கள் காலை ஆறரை மணிக்கு இரும்புலியூரில் நின்று பார்க்கலாம். தாம்பரத்துக்கும் பெருங்களத்தூருக்கும் நடுவில், ஜி.எஸ்.டி. சாலையும் மதுரவாயலிலிருந்து வரும் பைபாஸும் சேரும் இடம் அது. ஒரு பக்கம் ரயில் பாதை, மறுபக்கம் கம்பெனி பஸ்கள். ஒரகடம், மறைமலை நகர் தொழிற்சாலைகளுக்குப் போகிறவர்கள் தெற்கே பார்த்து நிற்பார்கள். நகரத்துக்குள் வீட்டு வேலைக்கும் கடை வேலைக்கும் போகிறவர்கள் வடக்கே பார்த்து நிற்பார்கள். தாம்பரம் சானடோரியத்தில் 1984-ல் தொடங்கிய ஏற்றுமதி மண்டலமான மெப்ஸில் வேலை பார்க்கும் பெண்கள் ஷிப்டுக்குக் கிளம்பும் நேரமும் அதுதான். இவர்களில் பலர் வீட்டை விட்டு இறங்கும்போது பிள்ளை இன்னும் பாயில் புரண்டுகொண்டிருக்கும். பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லிவிட்டோ, மூத்த பெண்ணிடம் ஒப்படைத்துவிட்டோ போவார்கள். இரவுச் சோறு மிச்சமிருந்தால் பிள்ளை சாப்பிடும். இல்லாவிட்டால் டீயும் பன்னும், சில நாள் அதுவும் இல்லை. வேலைக்குப் போகும் தாய்மார்களின் சுமையைக் குறைப்பது என்று அரசு இத்திட்டத்தின் நோக்கங்களில் ஒன்றாக எழுதிவைத்தது வெறும் அலங்காரத்துக்கு அல்ல. தெற்குப் புறநகர் மாதிரியான இடங்களில் அதுவே முதல் நோக்கம் என்றுகூடச் சொல்லலாம்.

2022 மே 7 அன்று, ஆட்சிக்கு வந்து ஓராண்டு நிறைந்த நாளில், முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் 110-வது விதியின் கீழ் இந்தத் திட்டத்தை அறிவித்தார். சென்னையில் ஒரு பள்ளிக்குப் போயிருந்தபோது சோர்ந்திருந்த பிள்ளைகளிடம் காரணம் கேட்டதாகவும், காலையில் சாப்பிடவில்லை என்று அவர்கள் சொன்னதாகவும் பின்னர் மேடையில் விவரித்தார். ஜூலை 27-ல் அரசாணை வந்தது. முதல் கட்டத்துக்கு 33 கோடியே 56 லட்சம் ரூபாய், 1,545 பள்ளிகள், 1,14,095 மாணவர்கள்.

அந்த 1,545 பள்ளிகளை எப்படிப் பிரித்தார்கள் என்பது கவனிக்க வேண்டியது. மாநகராட்சிகளில் 417, நகராட்சிகளில் 163, கிராம ஊராட்சிகளில் 728, எட்டாத மலைப்பகுதிகளில் 237. மலைப்பகுதிப் பள்ளிகள் 237 இருந்தும் அவற்றில் மாணவர்கள் 10,161 பேர்தான். சராசரியாகப் பள்ளிக்கு நாற்பது சொச்சம். மாநகராட்சிப் பள்ளிகளிலோ சராசரி நூறைத் தாண்டுகிறது. ஏழு பாத்திரம் வைத்துச் சமைக்கிற இடமும் இரண்டு பாத்திரத்தில் முடிந்துபோகிற இடமும் ஒரே திட்டத்துக்குள் இருந்தால்தான் எங்கே இடறும் என்று தெரியும். முதல் நாளே மாநிலம் முழுக்கத் தொடங்கிக் கைதட்டு வாங்கியிருக்கலாம். அப்படிச் செய்யாமல் நான்கு விதமான நிலத்தில் சோதித்துப் பார்த்தது, இந்தத் திட்டத்தைத் தீட்டியவர்கள் செய்த நல்ல காரியங்களில் ஒன்று.

2022 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாள். மதுரை நெல்பேட்டை ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டு முதலமைச்சர் தொடங்கிவைத்தார். பதினோரு மாதம் கழித்து, 2023 ஆகஸ்ட் 25 அன்று, மு. கருணாநிதி படித்த திருக்குவளை பள்ளியிலிருந்து திட்டம் மாநிலம் முழுக்க விரிந்தது: 31,008 அரசுத் தொடக்கப் பள்ளிகள், ஏறத்தாழ 15 லட்சத்து 75 ஆயிரம் பிள்ளைகள், 404 கோடி ரூபாய்.

பள்ளியில் சோறு போடுவதற்கு இந்த மண்ணில் நூறு வருஷப் பழக்கம் உண்டு. 1920 செப்டம்பரில் பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி மன்றம், ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி போடத் தீர்மானம் போட்டது. தலைக்கு ஓர் அணாவுக்கு மேல் செலவாகக் கூடாது என்பது நிபந்தனை. பிறகு இன்னும் நான்கு பள்ளிகளுக்கு விரித்தார்கள். 1922-23-ல் அந்தப் பள்ளிகளில் 811 பேர் படித்தார்கள். இரண்டே வருடத்தில் 1,671 ஆனார்கள். இதற்குமேல் என்ன சான்று வேண்டும் என்று நமக்குத் தோன்றும். வெள்ளைக்கார அரசுக்கு அப்படித் தோன்றவில்லை. தொடக்கக் கல்விக்கான நிதியைச் சாப்பாட்டுக்குச் செலவிடக் கூடாது என்று சொல்லிவிட்டதால் 1925 ஏப்ரல் 1 முதல் அடுப்பு அணைந்தது. கல்வி வேறு, சாப்பாடு வேறு என்று தனித்தனிப் பேரேட்டில் எழுதுகிற அந்தப் பழக்கம் அத்தனை சீக்கிரம் ஒழிந்துவிடவில்லை. 2020-ன் தேசியக் கல்விக் கொள்கை பள்ளிகளில் காலை உணவும் வேண்டும் என்றது. சூடாகச் சமைக்க முடியாத இடத்தில் வேர்க்கடலையோ கொண்டைக்கடலையோ வெல்லத்துடன் கொடுக்கலாம் என்றும் யோசனை சொன்னது. அடுத்த ஆண்டு ஒன்றிய அரசு பி.எம். போஷன் என்று பெயர் மாற்றி மதிய உணவுத் திட்டத்தை அறிவித்தபோது காலை உணவு அதில் இல்லை. அந்தக் கொள்கையையே ஏற்காத தமிழ்நாடு, அதில் இருந்த இந்த ஒரு யோசனையைச் சொந்தக் காசில் செய்துகாட்டியது வேடிக்கைதான்.

நடுவில் நடந்தவை எல்லோருக்கும் தெரிந்த கதை: 1956-ல் எட்டயபுரத்தில் காமராஜர் தொடங்கிய மதிய உணவு, 1982 ஜூலை 1 அன்று திருச்சி பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவு, 1989-ல் கருணாநிதி சேர்த்த முட்டை. அத்தனையும் மதியச் சாப்பாட்டைச் சுற்றியே வளர்ந்தவை. காலை வேளை வெகுகாலம் வீட்டின் பொறுப்பாகவே இருந்துவிட்டது. பக்கத்துப் புதுச்சேரியில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலையில் பாலும் பிஸ்கட்டும் கொடுக்கும் ஏற்பாடு முன்பே இருந்தது. ஆனால் அடுப்பு மூட்டிச் சமைத்துப் போடுவது வேறு வேலை.

அந்த வேலையை ஒருமுறை கிட்டப் போய்ப் பார்த்துவிடலாம். அரசாணைப்படி ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 50 கிராம் ரவையோ அரிசியோ சேமியாவோ, சாம்பாருக்கு 15 கிராம் பருப்பு, உள்ளூரில் கிடைக்கும் காய்கறி. சமைத்து முடித்ததும் தட்டில் 150 முதல் 200 கிராம் உணவும் 100 மில்லி சாம்பாரும் விழ வேண்டும். வாரத்தில் இரண்டு நாளாவது அந்த வட்டாரத்துச் சிறுதானியம் சேர வேண்டும். நமது அறுபது பிள்ளைப் பள்ளிக்கு இதைப் பெருக்கினால் மூன்று கிலோ ரவை, தொள்ளாயிரம் கிராம் பருப்பு. மூன்று கிலோ ரவைக்கு ஒன்பது லிட்டர் தண்ணீர் என்று உலை வைத்தால் பன்னிரண்டு கிலோ கிச்சடி வரும். தலைக்கு இருநூறு கிராம். கணக்கு காகிதத்தில் சரியாக வருகிறது. அடுப்படியில் அதற்கு முன்னால் நடப்பவை நிறைய. பருப்பை முதலில் வேகப்போட்டுவிட்டு, அது வேகும் நேரத்தில் கேரட்டும் பீன்ஸும் வெங்காயமும் நறுக்க வேண்டும். ரவையைச் சிவக்காமல், மணம் வரும் பதத்தில் வறுத்து இறக்க வேண்டும். மூன்று கிலோ ரவையைக் கொதிக்கிற தண்ணீரில் கட்டி தட்டாமல் கொட்டிக் கிளறுவது ஓர் ஆளால் ஆகாது. ஒருவர் கொட்ட, ஒருவர் கிளற வேண்டும். நிமிடம் தவறினால் அடி பிடித்துவிடும். அடி பிடித்த கிச்சடியை ஆறு வயசுப் பிள்ளை ஒரு வாய்க்கு மேல் தொடாது, அரசாணை என்ன சொன்னாலும்.

இத்தனைக்கும் தலைக்கு ஏறத்தாழ 13 ரூபாய்தான் செலவு என்று தொடக்கத்தில் கணக்கிட்டார்கள். ரோட்டோரக் கடையில் ஒரு டீயின் விலை.

சமைப்பவர்கள் யார்? ஏற்கெனவே சத்துணவு மையங்களில் இருக்கும் ஊழியர்களிடம் இந்த வேலையைக் கொடுக்கவில்லை. மகளிர் மேம்பாட்டு நிறுவனம் வழியாக சுய உதவிக் குழுப் பெண்களிடம் கொடுத்தார்கள். அதே ஊரில் குடியிருக்க வேண்டும், தன் பிள்ளை அதே பள்ளியில் படிக்கிறவராக இருந்தால் முன்னுரிமை, ஸ்மார்ட்போனில் விவரம் ஏற்றத் தெரிந்திருக்க வேண்டும். தன் பிள்ளையும் சாப்பிடப்போகிறது என்றால் அம்மா கெட்டுப்போன ரவையையோ புழுத்த பருப்பையோ உலையில் போடமாட்டார் என்பது இந்த விதியின் பின்னால் இருக்கும் நம்பிக்கை. மேலதிகாரி வந்து பார்ப்பதைவிட இது பலன் தருகிற கண்காணிப்பு. ஆனால் அந்தப் பெண்ணின் பக்கமிருந்து பார்த்தால் வேறொன்று தெரிகிறது. விடியும் முன்னே எழுந்து வந்து, ஒன்பது மணிக்குப் பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போகிற வேலை. கிடைப்பது சிறிய தொகை. பிள்ளை ஐந்தாம் வகுப்பு முடித்துப் போய்விட்டால் அந்த வேலையும் கேள்விக்குள்ளாகிறது. சத்துணவு ஊழியர் சங்கமோ, சமையலறையும் அனுபவமும் எங்களிடம் இருக்கும்போது காலை உணவையும் எங்களிடமே தந்து, முழுநேர ஊழியராக்குங்கள் என்று தொடர்ந்து கேட்டுவருகிறது. ஒரே பள்ளியில் காலையில் ஓர் அணி, மதியம் ஓர் அணி என்று இருப்பது எத்தனை காலம் ஓடும் என்பது பதில் சொல்லப்பட வேண்டிய கேள்வி.

கிராமத்தில் பள்ளியிலேயே சமைத்துப் போட்டுவிடலாம். பெருநகரத்தில் இட நெருக்கடி. அதனால் சென்னை மாதிரி இடங்களில் ஒரு பொதுச் சமையல் கூடத்தில் சமைத்து வண்டியில் சுற்றியுள்ள பள்ளிகளுக்கு அனுப்பும் முறை வந்தது. பொதுக் கூடத்தில் தரம் ஒரே சீராக இருக்கும், ஆள் மிச்சமாகும். சிக்கல் வழியில் இருக்கிறது. உப்புமாவும் கிச்சடியும் சூடு இருக்கும்வரைதான் உதிரியாக இருக்கும். ஆறினால் களிபோல இறுகிவிடும். வண்டி கிளம்பும் நேரம் எட்டு மணிக்குள் இருக்க வேண்டும், அதுவோ சாலைகள் திணறுகிற நேரம். இரும்புலியூர் சந்திப்பில் அந்த நேரத்தில் ஒரு வேனை மறித்து நிறுத்தினால், பின்னாலேயே நிற்கிற பத்துப் பேரின் வசவோடு சாம்பாரும் ஆறும்.

தாம்பரம் இந்த இரண்டுக்கும் நடுவில் கிடக்கிற ஊர். ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்து 2021 நவம்பரில்தான் மாநகராட்சி ஆனது. பெயர் மாநகராட்சி என்றாலும் பல பள்ளிகளின் பலகையில் இன்னும் ‘ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி’ என்றே இருக்கும். ஒரு தெருவில் அடுக்குமாடி, அடுத்த தெருவில் பழைய கிராமத்துக் கோயிலும் குளமும். இத்தகைய புறநகரில் திட்டம் போடுகிறவர் ஒவ்வொரு பள்ளியாகப் போய்ப் பார்க்காமல் எதையும் முடிவு செய்ய முடியாது. சத்துணவுக் கூடம் இருக்கிறதா, அதில் காலையிலும் அடுப்பு மூட்டினால் மதிய வேலைக்கு இடைஞ்சல் வருமா? ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் சமையலுக்கு ஆகுமா, கோடையில் லாரி எத்தனை மணிக்கு வரும்? காஸ் சிலிண்டர் தீர்ந்துபோனால் மாற்றுக்கு ஒன்று இருக்கிறதா? பெருக்கான் தொடாமல் ரவை மூட்டையை எங்கே வைப்பது? மழைக்காலத்தில் வரதராஜபுரம், முடிச்சூர் பக்கம் வெள்ளம் புகுந்தால் பொருள்களை எப்படி மேலேற்றுவது? 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்கள் கடைசிக் கேள்வியை மிகையென்று சொல்லமாட்டார்கள்.

தினமும் நடக்கிற இன்னொரு சூதாட்டம் தலை எண்ணிக்கை. இன்றைக்கு எத்தனை பேர் வருவார்கள்? நேற்று வந்த கணக்கை வைத்துத்தான் உலை வைக்க முடியும். ஊரில் திருவிழா என்றால் பாதிப் பேர் வரமாட்டார்கள். மழை விட்ட மறுநாள் எல்லோரும் வந்து நிற்பார்கள். கொஞ்சம் கூடுதலாகச் செய்தால் வீண், குறைவாகச் செய்தால் கடைசி வரிசைப் பிள்ளைக்குக் கரண்டியில் சுரண்டிப் போட வேண்டியிருக்கும். அனுபவப்பட்ட சமையற்காரம்மா பஞ்சாங்கத்தையும் வானத்தையும் பார்த்து ரவை அளக்கிறார் என்றால் அது மிகையில்லை. அரசு தன் பங்குக்கு ஒரு செயலி வைத்திருக்கிறது. சமையல் எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது, எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்பதை அன்றன்றைக்கே பதிவேற்ற வேண்டும். பரிமாறும் முன் பள்ளி மேலாண்மைக் குழுவில் ஒருவரோ ஆசிரியர்களில் ஒருவரோ ருசி பார்க்க வேண்டும் என்பதும் விதி.

செயலியில் ஏற்ற முடியாத தொல்லைகளும் வந்தன. மாநிலம் முழுக்க விரிந்த சில வாரங்களிலேயே, 2023 செப்டம்பரில், கரூர் மாவட்டம் வேலன்செட்டியூரில் பட்டியல் சாதிப் பெண் சமைக்கிறார் என்று சில பெற்றோர் தங்கள் பிள்ளைகளைச் சாப்பிடவிடவில்லை. மாவட்ட ஆட்சியரே போய்ப் பள்ளியில் உட்கார்ந்து சாப்பிட்டார்; வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பாயும் என்று எச்சரித்தார். அதே மாதம் தூத்துக்குடி மாவட்டத்தில், எட்டயபுரத்துக்கு அருகே உசிலம்பட்டிப் பள்ளியிலும் அதே கதை. அங்கே நாடாளுமன்ற உறுப்பினர் கனிமொழியும் அமைச்சர் கீதா ஜீவனும் போய்ப் பிள்ளைகளோடு பந்தியில் உட்கார்ந்தார்கள். அறுபத்தேழு வருடம் முன்பு காமராஜர் பள்ளிச் சோற்றைத் தொடங்கிவைத்த ஊர் அங்கிருந்து கூப்பிடு தூரம். இரண்டு இடத்திலும் சமைத்த பெண்ணை மாற்றிவிட்டுப் பிரச்சினையை முடித்துவிடாதது நல்லது. ஒரு பள்ளியில் அப்படி விட்டுக்கொடுத்திருந்தால் மறுவாரமே நூறு பள்ளிகளில் கேட்டிருப்பார்கள்.

பலன் என்ன? மாநிலத் திட்டக் குழு முதல் கட்டப் பள்ளிகளின் வருகைப் பதிவை ஒப்பிட்டுப் பார்த்தது. திட்டத்துக்கு முந்தைய 2022 ஜூன், ஜூலை மாதங்களைவிட 2023 ஜனவரி, பிப்ரவரியில் 1,543 பள்ளிகளில் 1,319 பள்ளிகளில் வருகை கூடியிருந்தது. மகிழ்ச்சியான செய்திதான். என்றாலும் கொரோனா முடிந்து பள்ளிகள் அப்போதுதான் நிலைக்கு வந்துகொண்டிருந்தன. ஜூனில் எப்போதுமே வருகை சற்று மந்தமாக இருக்கும். கூடிய வருகையில் எவ்வளவு உப்புமாவால், எவ்வளவு காலத்தால் என்று பிரித்துப் பார்க்க அந்த ஒப்பீடு போதாது.

இதைச் சரியாகப் பிரித்துப் பார்த்த ஆய்வு ஒன்று ஜமைக்காவில் நடந்தது, 1998-ல் வெளியானது. பதினாறு கிராமப் பள்ளிகளில் 814 பிள்ளைகள். குலுக்கல் முறையில் பாதிப் பேருக்குப் பள்ளி நாள்தோறும் காலை உணவு. மீதிப் பேருக்கு ஓர் ஆரஞ்சுப் பழத்தில் கால் பங்கு. அவர்களையும் வெறுமனே விடாமல் ஏதோ கொடுத்தால்தானே ஒப்பீடு நியாயமாக இருக்கும். ஒரு வருட முடிவில் காலை உணவு சாப்பிட்டவர்களின் வருகையும் எடையும் உயரமும் கொஞ்சம் கூடியிருந்தன. சின்ன வகுப்புப் பிள்ளைகள் கணக்கில் முன்னேறியிருந்தார்கள். கூடியது கொஞ்சம்தான் என்பதையும் மறைக்கத் தேவையில்லை. காலை உணவு பிள்ளையை மேதையாக்கிவிடாது; வாத்தியார் இல்லாத வகுப்பில் உட்கார்ந்திருக்கும் வயிறு நிறைந்த பிள்ளைக்கும் கணக்கு வராது. ஆனால் தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு ஐம்பத்தேழு பேருக்கு ரத்தசோகை இருப்பதாக ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. முதல் வகுப்பில் வந்து உட்காருவது அந்தப் பிள்ளைகள்தான். அவர்களுக்கு ஒரு கரண்டி சாம்பாரும் அதில் மிதக்கும் கேரட்டும் சின்ன விஷயமில்லை.

உலகத்துக்கும் இது புதிதல்ல. அமெரிக்க அரசு பள்ளிக் காலை உணவை 1966-ல் சோதனையாகத் தொடங்கி 1975-ல் நிரந்தரமாக்கியது. நடுவில் 1969-ல் கலிஃபோர்னியாவின் ஓக்லாந்தில் கறுப்புச் சிறுத்தைகள் அமைப்பினர் ஒரு தேவாலயத்தில் கறுப்பினப் பிள்ளைகளுக்குக் காலை உணவு போடத் தொடங்க, அது வேகமாகப் பல நகரங்களுக்குப் பரவியது. அரசாங்கம் அவர்களைத் துப்பாக்கியோடு பார்த்ததைவிடக் கரண்டியோடு பார்த்துத்தான் அதிகம் மிரண்டது என்று சொல்பவர்கள் உண்டு. நம் பக்கத்தில், தெலங்கானா அதிகாரிகள் தமிழ்நாட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். 2023 அக்டோபரில் அங்கேயும் தொடங்கியது.

பிள்ளைகளிடம் கருத்துக் கேட்டால் ஊட்டச்சத்தைப் பற்றிப் பேசமாட்டார்கள். “திரும்பவும் உப்புமாவா?” என்பார்கள். தமிழர்களின் உப்புமா வெறுப்பு ஊரறிந்தது. வேண்டாத விருந்தாளிக்குச் செய்வது என்று கேலி பேசியே வளர்ந்தவர்கள் நாம். வாரத்தில் இரண்டு நாள் உப்புமா என்பது தட்டில் மிச்சமாக வெளிப்பட்டிருக்க வேண்டும். 2025 ஏப்ரலில், அரிசி உப்புமாவுக்குப் பதிலாகப் பொங்கலும் சாம்பாரும் தரப்படும் என்று அமைச்சர் கீதா ஜீவன் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஒரு மாநிலச் சட்டமன்றம் அரிசி உப்புமாவைக் கைவிட்டுப் பொங்கலுக்கு மாறியதைப் படித்துச் சிரித்தவர்கள் இருப்பார்கள். உண்மையில் திட்டம் உயிரோடு இருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். தட்டில் மிச்சம் வைக்கிற பிள்ளையின் பேச்சு கோட்டை வரைக்கும் எட்டியிருக்கிறது.

எட்ட நாளானவையும் உண்டு. தாம்பரம், பல்லாவரம் பக்கம் ஏழைப் பிள்ளைகள் கணிசமாகப் படிப்பது அரசு உதவி பெறும் பள்ளிகளில். திட்டம் அரசுப் பள்ளிகளுக்கு 2023-லேயே வந்துவிட, உதவி பெறும் பள்ளிகளில் கிராமப்புறத்தவை 2024 ஜூலை 15 வரை காத்திருந்தன. திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில் அன்று தொடங்கி 3,995 பள்ளிகள் சேர்ந்தன. நகர்ப்புற உதவி பெறும் பள்ளிகள் இன்னும் ஓராண்டு பொறுத்திருக்க வேண்டியிருந்தது. 2025 ஆகஸ்ட் 26 அன்று மயிலாப்பூர் புனித சூசையப்பர் பள்ளியில் பஞ்சாப் முதலமைச்சர் பகவந்த் மானும் கலந்துகொண்ட விழாவில் அவற்றுக்கும் விரிந்தது. 2,429 பள்ளிகள், மூன்று லட்சம் பிள்ளைகள். அன்றைய நிலவரப்படி மொத்தம் 37,416 பள்ளிகள், 20 லட்சத்து 59 ஆயிரம் பேர். அதுவரை இரண்டு வருடம், ஒரே வீட்டில் அக்கா உதவி பெறும் பள்ளியிலும் தம்பி அரசுப் பள்ளியிலும் படித்தால், காலையில் தம்பிக்கு மட்டும் கிச்சடி.

இப்போது பிள்ளைகளைப் பிரிக்கும் கோடு ஐந்தாம் வகுப்பில் இருக்கிறது. திட்டம் ஒன்று முதல் ஐந்து வரைதான். மதியச் சத்துணவோ பத்தாம் வகுப்பு வரை உண்டு. தொடக்கப் பள்ளியில் இது உறுத்தாது. எட்டாம் வகுப்பு வரை நடக்கும் நடுநிலைப் பள்ளிகளில் ஒரே வளாகத்தில், ஒரே வேளையில், ஐந்தாம் வகுப்பு வரிசையில் நிற்க, ஆறாம் வகுப்பு வேடிக்கை பார்க்க நேர்கிறது. திட்டம் மாநிலம் முழுக்க விரிந்த விழா நடந்த திருக்குவளைப் பள்ளியும் நடுநிலைப் பள்ளிதான். காலையில் ஆறு மணிக்கு மெப்ஸுக்குக் கிளம்புகிற அம்மாவின் மூத்த பெண், தம்பியைக் குளிப்பாட்டி, சீருடை மாட்டி, கையைப் பிடித்துப் பள்ளிக்கு அழைத்து வருகிறவள், பெரும்பாலும் அந்த ஆறாம் வகுப்பிலோ ஏழாம் வகுப்பிலோதான் இருப்பாள். நடுநிலைப் பள்ளிகளில் அடுப்பு ஏற்கெனவே எரிகிறது, ஆளும் இருக்கிறார்கள், பாத்திரமும் இருக்கிறது. இன்னும் மூன்று வகுப்புக்கு நீட்ட வேண்டுமென்றால் கூடுதலாக வேண்டியது ரவையும் பருப்பும், சமைப்பவருக்கு இன்னும் கொஞ்சம் சம்பளமும்.